டை ராடுக்கு முன்னால் எந்தத் தகடு?

வால்பாறைப் பக்கம் நண்பர் வேலை பார்க்கும் எஸ்டேட்டின் உள்சாலை அது. மழையில் மண் அரித்துப்போய், நடுச்சாலையில் ஒரு கல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய கல்லெல்லாம் இல்லை, அம்மிக் குழவியைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ‘டங்’ என்று ஒரு சத்தம். வண்டி நிற்காமல் கல்லைத் தாண்டி இறங்கிவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டது ஐம்பதடி தூரத்துக்குத்தான். முன் டயர் இரண்டும் மூக்கை உள்பக்கம் திருப்பிக்கொண்டு, சரளையைத் தேய்த்தபடியே வந்தன.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தேன். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு நடுவில் வில்லாக வளைந்திருந்தது. ஜாக்கியும் சங்கிலியும் வைத்து, இரண்டரை மணி நேரம் மல்லுக்கட்டி, ஏறக்குறைய நேராக்கினோம். அப்புறம் ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் இறங்கி வந்தேன். அந்த இறக்கத்தில் மனசு ஓட்டிய படங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

வண்டி மாருதி ஜிம்னி, ஐந்து கதவு, 2023-இல் வாங்கியது. அதற்குப் பிறகு ஸ்டீரிங் கார்டு, அதாவது இந்தக் கம்பிகளைக் கல்லடியிலிருந்து காக்கும் கவசம், அந்த விஷயத்தில் இரண்டு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டேன். இப்போது மச்சான் ஒரு மகிந்திரா தார் வாங்கிவிட்டு, “நீ போட்டதையே எனக்கும் போட்டுவிடு” என்கிறான். அங்கேதான் சிக்கல். எனக்குப் பொருந்தியது அவனுக்குப் பொருந்தாது. எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் என்ற பேச்சுக்கு முன்னால், உங்கள் வண்டியின் ஸ்டீரிங் கம்பிகள் எதில் தொங்குகின்றன என்று பார்க்க வேண்டும்.

ஜிம்னியின் முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தாங்குவது ஒரே கட்டையான ஆக்சில், அதாவது அச்சு. பழைய மகிந்திரா ஜீப், பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், டொயோட்டா லேண்ட் குரூசர் 70 எல்லாம் இந்த ஜாதிதான். ஸ்டீரிங் பாக்ஸ் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி, டிராக் லிங்க், ஒரு சக்கரத்துக்குப் போகும். டை ராடு இரண்டு சக்கரத்தையும் இணைக்கும். ஸ்டீரிங் உதறாமல் இருக்க ஒரு டேம்பரும் உண்டு. ஜிம்னியில் இந்தக் கூட்டம் ஆக்சிலுக்கு முன்னால், பம்பருக்குக் கீழே திறந்தவெளியில் நிற்கிறது. டிஃபெண்டரில் டை ராடு ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால் முதல் அடியை ஆக்சில் வாங்கிக்கொள்ளும். ஆனால் கல்லிலிருந்து பின்னால் இறங்கும்போது அதுவும் மாட்டும்.

புதிய தாரிலும் ஃபோர்ஸ் கூர்காவிலும் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். தாரில் ஸ்டீரிங் ரேக், அதாவது ஸ்டீரிங்கைத் திருப்பினால் பக்கவாட்டில் நகரும் பல்சட்டம், சேஸிஸோடு சேர்ந்த குறுக்குச் சட்டத்தை ஒட்டி மேலே இருக்கிறது. அதன் இரு முனைகளிலிருந்தும் சின்னக் கம்பிகள் சக்கரங்களுக்குப் போகின்றன. அடி விழுவதும் வேறு இடத்தில், விழும் விதமும் வேறு.

வளைந்த கம்பி என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன், கண் திறந்தது. கம்பி 1.1 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 1 செ.மீ. மடங்கினால் முனைக்கு முனை நீளம் கால் மில்லிமீட்டர்கூடக் குறைவதில்லை. அதை வீட்டுக்கு வந்து கவனித்தால் போதும். அதுவே 5 செ.மீ. மடங்கினால் நாலரை மில்லிமீட்டர் குறைகிறது. வளைவு ஐந்து மடங்கானால் விளைவு இருபத்தைந்து மடங்கு. சக்கரத்தைத் திருப்பும் கை 13 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால், ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர்களில் முன் விளிம்புகளின் இடைவெளி பின் விளிம்புகளைவிட ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் குறைந்துவிடும். சாதாரணமாக இது சில மில்லிமீட்டர் விவகாரம். என் டயர்கள் ஏன் சரளையை உழுதுகொண்டு வந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. டிஃபெண்டர் மாதிரி கம்பி பின்னால் இருக்கும் வண்டியில் இதே வளைவு டயர்களை வெளிப்பக்கம் திருப்பிவிடும்.

அதனால் கார்டின் வேலை கம்பியில் கீறலே விழாமல் காப்பது இல்லை. ஒரு பெரிய அடியைச் சின்ன அடியாக்கி, வண்டியைக் கல்லின் மேல் வழுக்கிவிட்டால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் “பத்து எம்.எம். போட்டுறலாம் சார்” என்பதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

என் முன்னால் இருந்த வழிகள் ஐந்து. ஒன்றும் போடாமல் விடுவது, கம்பியையே தடியாக்குவது, குழாய் வளையம், இரும்புத் தகடு, அலுமினியத் தகடு. ஆறாவதாக ஒரு பிளாஸ்டிக்கும் உண்டு, அதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். யு.எச்.எம்.டபிள்யூ. என்கிற அந்தப் பாலிஎத்திலீன் கன்வேயர் பெல்ட் தொட்டிகளுக்கு உள்ளே ஒட்டும் சமாச்சாரம், பாறையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். ஆனால் தனியாக விறைப்பு கிடையாது, 80 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும், பின்னால் எப்படியும் ஓர் இரும்புச் சட்டம் வேண்டும். விட்டுவிட்டேன்.

ஒன்றும் போடாமல் விடுவதைக் கேலியாகப் பார்க்காதீர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற ஜீப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலை இருப்பது தேனி மாவட்டத்தில், வண்டி ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. விடியுமுன்னே ஏறி, சூரிய உதயத்தைக் காட்டிவிட்டு, ஒரு பயணிக்கும் முதுகெலும்பு மிச்சமில்லாமல் இறக்கிவிடுவார்கள். ஒருமுறை ஏறியபோது டிரைவர் அண்ணனிடம் என் டை ராடு கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “கல்ல நடுவுல விடாதீங்க தம்பி, டயர்ல ஏத்துங்க” என்றார். அவ்வளவுதான். இதற்குப் பின்னால் இயந்திரவியல் இருக்கிறது. கட்டை ஆக்சில் வண்டியில் சக்கரம் கல்லில் ஏறினால் ஆக்சிலும் அதோடு தொங்குகிற கம்பிகளும் சேர்ந்தே உயரும். நடுவில் விட்டால் ஜிம்னியின் 210 மி.மீ. தரை இடைவெளிக்குள் கல் அடங்க வேண்டும். வருஷத்தில் இரண்டு முறை மண் சாலையில் போகிறவர்களுக்கு இந்த ஒரு வரி அறிவுரையே கார்டு. காசு செலவில்லை, எடை இல்லை. புல் மூடிய பாதையில் மட்டும் இது கை கொடுக்காது, ஏனென்றால் அங்கே கல்லே தெரியாது. என் எஸ்டேட் சாலையில் பாதி அப்படித்தான்.

கம்பியைத் தடியாக்கும் வழி முதலில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விட்டம் 25 மில்லிமீட்டரிலிருந்து 32-க்குப் போனால் வளைவை எதிர்க்கும் பலம் இரண்டு மடங்காகிறது. வெளிநாடுகளில் லேண்ட் ரோவர்காரர்கள் பின்னால் இருக்கும் டை ராடுக்கு இப்படித்தான் தடித்த கம்பி மாட்டுகிறார்கள், அங்கே தகடு வைக்க இடமும் சரியாக அமையாது. கம்பியைச் சுற்றி எதுவும் தொங்கவில்லை, சேறு தேங்கவில்லை, இடைவெளி குறையவில்லை. இருந்தும் நான் ஒதுக்கினேன். காரணம், வளையாத கம்பி அடியை விழுங்குவதில்லை, அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறது. டை ராடு எண்டு என்கிற முனை மூட்டு, சக்கரத்தின் கை, ஸ்டீரிங் பாக்ஸ் என்று அடி மேலே ஏறும். வளைந்த கம்பியை எஸ்டேட்டில் ஜாக்கி வைத்து நிமிர்த்தலாம். உடைந்த சக்கரக் கையை எதை வைத்து நிமிர்த்துவது? வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி எதற்கு இருக்கிறதோ, அந்த வேலையை டை ராடும் கொஞ்சம் செய்கிறது. தகட்டோடு சேர்த்துத் தடிக் கம்பி என்றால் யோசிக்கலாம். தகடு இல்லாமல் தடிக் கம்பி மட்டும் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இதில் இன்னொன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. சில பட்டறைகளில் இருக்கிற கம்பியின் மேல் ஒரு குழாயைச் செருகி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். என்னிடமும் ஒருவர் சொன்னார், நல்ல வேலைக்காரர்தான், ஆனாலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஸ்டீரிங் கம்பியில் வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரும்பின் குணம் மாறும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். வளைந்து நிமிர்த்திய கம்பிக்கும் இதே பேச்சுதான். நிமிர்த்தியது வீடு வந்து சேர்வதற்கு. நான் மறுவாரமே புதுசு மாற்றி, அலைன்மென்ட் பார்த்தேன்.

குழாய் வளையம் என்பது பம்பருக்கு அடியில் முன்னால் வளைந்து வரும் ஒன்றிரண்டு குழாய்கள். பார்க்க அழகு. சேறும் சருகும் தங்காமல் கொட்டிவிடும், காற்று போகும், கழுவுவது சுலபம். பெரிய உருண்டைக் கல்லுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, கூரான பாறை முனை இரண்டும் குழாய்களுக்கு நடுவில் புகுந்து நேராக டேம்பரில் குத்தும். எஸ்டேட் சாலையோரத்தில் வெட்டிவிட்ட சில்வர் ஓக் அடிக்கட்டைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்கள் குழாய் பக்கம் போக மாட்டார்கள். மணல், ஆற்றோரச் சரளை இப்படிப்பட்ட இடங்களில் ஓட்டுகிறவர்களுக்கு இது போதும்.

மிச்சம் தகடு. இரும்பா, அலுமினியமா என்ற பழைய சண்டை.

எடையில் தொடங்கலாம். 70 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம் உள்ள ஒரு தகடு என்று வையுங்கள். 4 மி.மீ. எம்.எஸ்., அதாவது சாதாரண இரும்பில் அது சுமார் 10 கிலோ. 6 மி.மீ. அலுமினியத்தில் 5 கிலோவுக்குச் சற்று மேல். விறைப்பில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். காரணம், அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதனால் ஒன்றரை மடங்கு தடிமன் போட்டாலே அலுமினியம் இரும்பைப் பிடித்துவிடுகிறது. நிரந்தரமாகக் குழி விழுவதைப் பார்த்தாலும், 5052 என்ற நல்ல ரக அலுமினியம் 6 மில்லிமீட்டரில் சாதாரண 4 மி.மீ. இரும்பைவிட ஒரு படி மேலேதான் நிற்கிறது. இரும்புக் கட்சிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. ஜிம்னியின் காலி எடையே சுமார் 1,200 கிலோ. முன்னால் வண்டியை இழுக்கும் வின்ச், இரும்பு பம்பர் என்று ஏற்றியவர்களுக்கு அந்த 5 கிலோ கணக்கில் வரும். என் வண்டியில் அவை இல்லை. 5 கிலோ என்றால் பின்சீட்டில் கிடக்கும் தண்ணீர் கேன்.

அப்புறம் ஏன் நான் இரும்பு போட்டேன்?

முதல் காரணம் பாறை. நீலகிரி, ஆனைமலைப் பக்கம் அதிகம் இருப்பது சார்னோகைட். சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பக்கமும் இதே கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் இருக்கும் கல்லை ஆராய்ந்தபோது இந்தப் பெயர் வந்தது. ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் படுத்துப் பேர் வாங்கிய பாறை என் தகட்டுக்கு எதிரி என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. அதில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினம், அலுமினியம் கிட்டேகூட வர முடியாது. இரும்பின் மேல் அந்தப் பாறை கோடு போடுகிறது. அலுமினியத்தின் மேல் உழுகிறது. உழுத பள்ளத்தில் அடுத்த கல் பிடித்துக்கொள்கிறது. அலுமினியத் தகடு வைத்த ஒரு நண்பரின் வண்டி ஏற்றத்தில் பாறைமேல் உட்கார்ந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அதே பாறையில் என் வண்டி ‘கிரீச்’ என்று வழுக்கி இறங்கியது, அவருடையது இரண்டு முறை பிடித்து நின்று, மூன்றாவது முறை கயிறு கட்டி இழுத்தோம். தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது விரல் நுனி பதியும் அளவுக்குப் பள்ளம். உடையவில்லை, வளையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வழுக்கத்தான் மறுத்தது.

இரண்டாவது காரணம் பட்டறை. இரும்புத் தகடு மடங்கினால் பொள்ளாச்சியிலோ போடியிலோ, எந்தச் சந்தில் ஆர்க் வெல்டிங் பொறி பறந்தாலும் உள்ளே போகலாம். சூடு காட்டி, சுத்தியலால் தட்டி, டீ குடித்து முடிப்பதற்குள் தந்துவிடுவார்கள். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும், தெரிந்த கை வேண்டும். கோயம்புத்தூரில் கிடைக்கும், மலையடிவாரத்தில் தேட வேண்டும். அதோடு, நம்மூர்ச் சந்தையில் அலுமினியத்தின் ரகத்தைத் தெரிந்து வாங்குவது குதிரைக் கொம்பு. நான் விசாரித்த ஒரு கடையில் 5052-ஆ 6061-ஆ என்று கேட்டதற்கு, “அலுமினியம்னா அலுமினியம்தான் சார்” என்று பதில் வந்தது. 6061 டி6 பலமான ரகம்தான், ஆனால் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே விரியும், வெல்டிங் வைத்த இடத்தில் பலம் பாதியாகிவிடும். ஒன்றுமே தெரியாத மென்மையான ரகத்தில் 6 மி.மீ. போட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. பெயருள்ள ஒரு கம்பெனி ரகத்தை எழுத்தில் தந்து விற்கிற தகடு என்றால் அலுமினியத்தை நம்பி வாங்கலாம்.

ரொம்ப நாள் நெடுஞ்சாலை, எப்போதாவது மலை என்று ஓட்டுகிறவர்கள் அலுமினியமே போடட்டும், நான் மறுக்க மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர்களுக்குத் துரு என்று ஒரு கூடுதல் கவலை. அலுமினியம் தானாகத் துருப்பிடிக்காது என்பது சரி, ஆனால் இரும்பு போல்ட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் உரசிக்கொண்டு இருந்தால் போல்ட் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் போடச் சொல்லுங்கள். இரும்புக்குப் பவுடர் கோட்டிங் முதல் கல்லிலேயே போய்விடும். நான் சாதாரண கறுப்புப் பெயின்ட் அடித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பிரஷ் போடுகிறேன்.

இனி உலோகத்தைவிட முக்கியமான விஷயம், தகடு நிற்கும் இடம். நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கட்டை ஆக்சில் வண்டியில் கம்பிகள் ஆக்சிலோடு ஏறி இறங்கும். தகடோ சேஸிஸில் நிற்கும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது கம்பி கீழே வரும். தகட்டைக் கம்பிக்கு நேர் அடியில், தொட்டில் மாதிரி கட்டிவிட்டால் கம்பி இறங்கி வந்து அந்தத் தகட்டிலேயே இடிக்கும். கல்லிலிருந்து காப்பாற்ற வந்ததே கல்லாகிவிடும். ஆகையால் ஜிம்னி மாதிரி வண்டிக்குத் தகடு கம்பிகளுக்கு முன்னால், சரிவாக நிற்க வேண்டும். கல்லை முதலில் சந்தித்து, வண்டியின் மூக்கைத் தூக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சக்கரம் முழுக்கத் தொங்கும் நேரத்தில் கம்பியின் கீழ்ப்பகுதி கொஞ்சம் வெளியே தெரியத்தான் செய்யும். சேஸிஸில் மாட்டும் தகட்டால் அதைத் தடுக்க முடியாது.

ஆக்சிலிலேயே யூ போல்ட் போட்டு மாட்டுகிற வகையும் உண்டு. கம்பியோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் எப்போதும் காவல் நிற்கும், இடைவெளியும் குறைவாக வைக்கலாம். ஆனால் வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்தை இன்னும் தாழ்த்துகிறது, ஸ்பிரிங்குக்குக் கீழே எடையைக் கூட்டுகிறது. பாறைகளில் ஆமை வேகத்தில் ஏறுகிறவர்களுக்குச் சரி. எஸ்டேட் சாலையில் முப்பது நாற்பதில் போகிற எனக்குக் குலுக்கல் மட்டும்தான் மிஞ்சும்.

தகடு மாட்டியதும் பட்டறையை விட்டு ஓடி வந்துவிடாதீர்கள். முன்பக்கச் சேஸிஸை ஜாக்கியில் தூக்கி இரண்டு சக்கரத்தையும் தொங்கவிடுங்கள். ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பச் சொல்லி, கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று அடியிலிருந்து பாருங்கள். அப்புறம் ஒரு சக்கரத்தை மட்டும் கட்டைமேல் ஏற்றி, மற்றதைத் தொங்கவிட்டு மறுபடியும். என் முதல் தகட்டில் இந்தச் சோதனையில்தான் டேம்பரின் முனை தகட்டின் உள்விளிம்பில் உரசுவது தெரிந்தது. இரண்டு விரல் அகலம் அறுத்து எடுத்தோம். சாலையில் தெரிந்திருந்தால் வளைவில் ஸ்டீரிங் பிடித்துக்கொண்டு தெரிந்திருக்கும்.

வடிவத்திலும் சில நுணுக்கங்கள் உண்டு. முன் விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும், வெட்டுவாயாக நின்றால் மண்வெட்டி மாதிரி மேட்டில் குத்தும். பின் விளிம்பும் கொஞ்சம் மேலே மடிய வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது திறந்த விளிம்பு முறம் போலக் கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொள்ளும். நடுவில் இரண்டு நீள மடிப்பு கொடுத்தால் 4 மி.மீ. தகடு, மடிப்பில்லாத 5 மி.மீ. தகட்டைவிட விறைப்பாக நிற்கும். அதனால் தடிமனுக்குக் காசு கொடுப்பதைவிட மடிக்கிற மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொடுப்பது லாபம். முன்னால் இருக்கும் இழுவைக் கொக்கியைத் தகடு மறைக்கக் கூடாது. மாட்டிக்கொண்டு நிற்கும்போது கயிறு கட்ட இடமில்லை என்று தெரிவது நல்ல நேரம் அல்ல. தகட்டுக்குப் பின்னால் சேறும் காய்ந்த புல்லும் தங்காமல் இருக்க நீள ஓட்டைகள் வேண்டும். சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் சேர்ந்த காய்ந்த புல் தீப்பிடிக்கும், கோடையில் இது விளையாட்டு இல்லை.

போல்ட்டின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாறை அதைச் சீவிவிடும், பிறகு கழற்ற கிரைண்டர்தான். தலை பதியும்படி குழி வைத்த போல்ட்டோ, மழுங்கிய குமிழ்த் தலையோ போடுங்கள். 8.8 என்று தலையில் எழுத்துள்ள ரகம், உள்ளே நைலான் வளையமுள்ள நைலாக் நட்டு. சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளையே பயன்படுத்த வேண்டும். புதிதாகத் துளை போடுகிறேன், சேஸிஸிலேயே வெல்டிங் வைக்கிறேன் என்கிற பட்டறையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் புல் பார்களுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். அடியில் கழற்றி மாட்டக்கூடிய தகடு ஆர்.சி. விவரம் எதையும் தொடவில்லை என்பது என் வாசிப்பு. ஸ்டீரிங் கம்பியையே மாற்றுவது, சேஸிஸில் வெல்டிங் வைப்பது இரண்டிலும் வாரன்டியும் இன்சூரன்சும் கேள்வி கேட்க இடம் உண்டு. தடிக் கம்பியை ஒதுக்கியதில் இந்தப் பயமும் கொஞ்சம் கலந்திருந்தது.

இனி மச்சானின் தார். 226 மி.மீ. தரை இடைவெளி, முன்னால் ஏறும் கோணம் 41 டிகிரிக்கு மேல், ஜிம்னியின் 36-ஐவிட நன்றாகவே கூட. மூக்கு இடிக்கும் வாய்ப்பு குறைவு. கம்பிகளும் முன்னால் தொங்கவில்லை. ஆனால் தனித்தனிச் சஸ்பென்ஷனில் வேறொரு குறை உண்டு. வேகமாகப் பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் அமுங்கினால் நடு வயிறு தரையை நோக்கி வரும், இடைவெளி அந்த நொடியில் சுருங்கும். கட்டை ஆக்சிலில் ஆக்சிலுக்கு அடியிலாவது அந்த அளவு மாறாது. அதனால் அவனுக்கு வேண்டியது முன்னால் நிற்கும் கேடயம் அல்ல, ரேக்கையும் இன்ஜின் ஆயில் தேங்கும் சம்ப்பையும் சேர்த்து மூடும் நீளமான வயிற்றுத் தகடு. ரேக் இறங்கி வராது என்பதால் தகட்டை நெருக்கமாகவே வைக்கலாம், எனக்கு இருந்த தொங்கல் கணக்கு அவனுக்கு இல்லை. ஆயில் மாற்றும்போது முழுத் தகட்டையும் கழற்ற வேண்டியிராமல், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கு நேராக ஓர் ஓட்டை வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் ஏமாறக் கூடாது. ரேக்கின் முனையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியை நடுத்தகடு காப்பாற்றாது. பக்கவாட்டில் ஒரு கல் அங்கே புகுந்தால் புகுந்ததுதான். அதைவிட அடிக்கடி நடப்பது, அந்த முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிவது. கிழிந்தது தெரியாமல் மண்ணும் நீரும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் ரேக்கே போய்விடும். டை ராடின் விலையும் ரேக்கின் விலையும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியவை அல்ல. ஆகவே தகடு போட்டாலும், ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு அந்த இரண்டு ரப்பரையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவன் பெரும்பாலும் ஓட்டுவது அவிநாசி சாலையில், மலை என்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அவனுக்கு 6 மி.மீ. அலுமினியம், ரகம் எழுதித் தருகிற இடத்திலிருந்து. பெரிய தகடு என்பதால் எடை மிச்சமும் அவனுக்குத்தான் அதிகம். நான் போட்டதையே போட வேண்டும் என்று அடம் பிடிக்கிறான், பார்க்கலாம்.

என்னுடையது 4 மி.மீ. எம்.எஸ்., இரண்டு மடிப்பு, நாலு போல்ட், கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தது. ஒன்றரை வருஷமாகிறது. போன மாதம் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி, நீளவாக்கில் பத்துப் பன்னிரண்டு கோடு, இடது மூலையில் பெயின்ட் போய்ச் சிவப்புத் துரு. நாலு போல்ட்டில் ஒன்று கையாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. பின்னால் ஒரு கைப்பிடி காய்ந்த தேயிலைச் சருகு. டை ராடில் நூல் பிடித்துப் பார்த்தேன், நேராக இருந்தது. நட்டு நாலையும் புதிதாக மாற்றி, குழியைத் தட்டாமல் அப்படியே மாட்டிவிட்டேன்.